மாவ்பி மரத்தின் சிவப்பு இலை

இலையுதிர்காலத்தை நான் முதன்முதலாகக் கொண்டாடியது ரங்கூனில். ஐப்பசி மாதத்தில் ரங்கூனில் ஓர் இலையும் உதிராது.

மழை அப்போதுதான் ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும். சுவரில் ஏறிய பாசி இன்னும் காய்ந்திருக்காது. நாங்கள் இருந்த பசுந்தாங் பேட்டைக் கால்வாயில் தண்ணீர் படிக்கட்டை நக்கும். மரங்களோ இவ்வளவு குடித்தும் தாகம் தீராதவைபோலப் பச்சைப் பசேலென்று நிற்கும். அந்த நேரம் பார்த்து எங்கள் சபைத் தலைவர் எழுந்து, கண்ணாடியை லுங்கி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு, "மரங்கள் தம் ஆடை களைந்து, குளிர்ந்த தரையெங்கும் பொன்னாய்ப் பரப்பி நிற்கும் இவ்வேளையில்" என்று வாசிப்பார். ஜன்னலுக்கு வெளியே அரசமரம் கிளையை உள்ளே நீட்டி, தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கும். அதை வெட்டிவிட ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் அந்த வருஷம் சபையின் பெரிய கவலை. ஆனாலும் யாரும் சிரிக்க மாட்டோம். தலையைக் குனிந்துகொண்டு, விழாத இலைகளுக்காக வருந்துவோம்.

அது ஆவிச் சபை. வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த தமிழர் ஒருவர், தன் துரையிடமிருந்து செத்தவர்களோடு பேசும் வித்தையைக் கற்றுக்கொண்டு தொடங்கியது. துரையின் ஊரில் எந்த மாதம் என்ன வழிபாடோ அதையே வரி மாறாமல் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்த ஊரில் ஐப்பசியில் இலை உதிரும். ஆகவே எங்களுக்கும் உதிர்ந்தாக வேண்டும். ஒரு லேத் பட்டறைக்கு மேலே மாடியில் ஒரே அறை. வெள்ளைத் துணி விரித்த மேசை, ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், காற்று கசியும் ஆர்மோனியம், இவைதான் சபை. முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் வருவார்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் வருவார்கள். தெருவில் இருந்த பர்மாக்காரர்கள் முதலில் ஆவலோடு எட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய நத் தெய்வங்கள் இறங்கினால் மேளம் உண்டு, ஆட்டம் உண்டு, சாராயம்கூட உண்டு. இங்கே எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து பாடுவதைப் பார்த்துவிட்டுச் சலித்துப்போய் இறங்கிப் போனார்கள்.

ஆவிகளை வரவழைப்பவரைத் தோசை அக்கா என்போம். காலையில் முக்கில் தோசை சுடுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளித்து, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, வெள்ளைச் சேலை கட்டி மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தால் மீடியம். நல்ல உடம்பு, அதைவிட நல்ல குரல். ஒவ்வொரு வாரமும் ஆளுக்கு ஒரு பூ கொண்டுபோய், அக்கா பார்க்காத சமயம் தட்டில் வைத்துத் துணியால் மூடிவிட வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் எடுத்து விரலில் உருட்டுவார். பூவைக் கொண்டுவந்தவர்மேல் பிரியமான ஆவி, அந்தப் பூ வழியாகப் பேசும். இலையுதிர்கால வழிபாட்டில் மட்டும் பூவுக்குப் பதில் இலை. அதுவும் தானாக விழுந்த இலை. பறித்தது ஆகாது.

"மரத்துல இருக்கறது மரத்தோட சொந்தம்டி. விழுந்ததுதான் செத்தவங்க சொந்தம்" என்பார் அக்கா.

இப்போது சங்கடம் புரிந்திருக்கும். ஊரே பச்சையாக இருக்கும்போது அத்தனை பேருக்கும் விழுந்த இலைக்கு எங்கே போவது? அதனால் அந்த ஒரு வாரம் பசுந்தாங் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திருவிழா. கிடைத்த மரத்தையெல்லாம் கல்லால் அடித்தோம். கல்லடி பட்டு விழுந்ததும் விழுந்ததுதானே என்பது எங்கள் வாதம். சில பெண்கள் பச்சை இலையில் மஞ்சள் பூசித் தட்டில் வைத்துவிடுவார்கள். ஒரு வருஷம் அக்கா அப்படி ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணைத் திறக்காமலே மோந்து பார்த்து, "இந்த இலைக்காரி வீட்டுல இன்னிக்கி மீன் கொளம்பு. ஆவி வரல, பசிதான் வருது" என்றார். சபை குலுங்கியது. தலைவரும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தண்ணீர்த் தம்ளரைப் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ. ஊரில் கலவரம் நடந்தபோது பள்ளிக்கூடங்களை மூடினார்கள். திறந்ததும் கொஞ்ச நாள் போனேன். மறுபடி மூடினார்கள். அதற்குப் பிறகு திறந்தபோது என்னைக் கூப்பிட யாருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. அம்மா மண்டியில் வெங்காயம் தொலித்துக்கொண்டிருந்தார். நான் கூடப் போய்ச் சருகு அள்ளுவேன். சில நாள் இரண்டு வேளை சாப்பிட்டோம், சில நாள் ஒரு வேளை. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பதால் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பா தெற்கே கவ்தாங்குக்கு மீன்பிடிப் படகில் வேலைக்குப் போயிருந்தார். போன புதிதில் ஆள்மூலம் இரண்டு தடவை பணம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டாவது மழையும் முடிந்துகொண்டிருந்தது.

அம்மா இரண்டு இடங்களில் காத்திருப்பார். ஒன்று கியாக்டடாவில் இருந்த தந்தி ஆபீஸ். மாதப் பிறப்பில் அங்கே டெலிபோனில் கூப்பிடுவதாக அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். மர பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்போம். யார் யார் பெயரையோ கூப்பிடுவார்கள், எங்கள் பெயர் வராது. சாயங்காலம் சூலே பகோடா பக்கம் பஸ் ஏறும்போது அம்மாவின் முகம் தண்ணீர் தெளிக்காத கீரைபோல இருக்கும். நான் பசிக்கிறது என்று சொல்லக்கூடப் பயப்படுவேன்.

மற்ற இடம் ஆவிச் சபை. அங்கேயும் பெஞ்சு, அங்கேயும் காத்திருப்பு, அங்கேயும் எங்களுக்கு யாரும் வரமாட்டார்கள். அம்மா வைத்த பூவை எடுத்ததும் அக்கா கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாரும் இல்ல" என்று கீழே வைத்துவிடுவார். பக்கத்து பெஞ்சில் ஒருத்திக்குப் புருஷன் வந்து, "பெட்டியில இருக்கற பட்டு லுங்கிய மூத்தவனுக்குக் குடு" என்பான். இன்னொருத்திக்குச் செத்த மாமியார் வந்து, உயிரோடு இருந்தபோது சொன்ன குறையையெல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். எங்களுக்கு மட்டும் ஒருவரும் இல்லை. ஆனால் படியிறங்கும்போது அம்மா பாட்டை முணுமுணுப்பார். பையில் காசு இருந்தால் தெருமுனையில் ஷ்வே யின் ஏ வாங்கித் தருவார். தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசியும் ரொட்டித் துண்டும் ஐஸும் மிதக்கும். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை என்னிடம் தள்ளுவார்.

ஒரே மாதிரி இரண்டு இடத்தில் ஏமாந்துவிட்டு, ஓரிடத்திலிருந்து அழுத முகத்தோடும் இன்னோர் இடத்திலிருந்து பாட்டோடும் வருகிற அம்மாவை நான் புத்தி கொஞ்சம் குறைந்தவர் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

எனக்கோ அவமானமாக இருந்தது. என் வயதுப் பிள்ளைகள், "எங்க சின்னத்தான் நேத்து வந்தாரு", "எங்க பாப்பா வந்துச்சு" என்று பீற்றிக்கொள்வார்கள். "ஒங்க வீட்டுக்கு ஏன்டி யாருமே வர்றதில்ல?" என்று கேட்பார்கள். சபையில் செத்தவர்கள் பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். செத்தவர்களே அவ்வளவு தூரத்திலிருந்து வந்து பேசும்போது, கவ்தாங்கில் இருக்கிற எங்கள் அப்பா வந்து பேசுவதற்கு என்ன கேடு என்பதுதான் என் கணக்கு. கவ்தாங்குக்குக் கப்பலில் போய்விடலாம். மேல் உலகத்துக்குக் கப்பலே கிடையாது.

இதை நான் மாமாவிடம் கேட்டேன். அம்மாவின் தம்பி, சபைக்குக் கீழே இருந்த லேத் பட்டறையில் வேலை, உடம்பெல்லாம் எண்ணெய் வாடை.

"ஒங்கப்பனா? சபையில வந்து பேசுறதா?" மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பக்கத்துல இருந்தப்பவே அந்தாளு பேச மாட்டாரு. ஒரு நாளைக்கி ரெண்டே வார்த்த. ஒண்ணு 'சோறு'. இன்னொண்ணு 'போதும்'."

அடுப்படியிலிருந்து அம்மா அகப்பையோடு வந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் மாமாவின் முதுகில் விழுந்த அடி சிரிப்பு அடி இல்லை.

"இருந்தப்பன்னு சொல்லாதடா. அவரு இருக்காரு."

"சரிக்கா, இருக்காரு, இருக்காரு" என்று மாமா முதுகைத் தேய்த்துக்கொண்டார்.

அந்த வருஷ இலையுதிர்கால வழிபாட்டுக்கு முந்தின வாரம் அக்கா பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்: "கண்ட கண்ட எலையக் கொண்டாராதீங்க. அவங்க தொட்ட மரம், அவங்க நெழலுக்கு ஒதுங்குன மரம்னா நல்லது. சட்டுனு வந்துருவாங்க." மற்ற பிள்ளைகள் இதைக் கேட்டு மறந்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்குத் தூக்கமில்லை. ஏனென்றால் அப்படி ஒரு மரம் எனக்குத் தெரியும். மாவ்பியில்.

அப்பா தெற்கே போவதற்கு முன், ரங்கூனுக்கு வடக்கே உள்ள மாவ்பியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். ஆலைக்குப் பின்னால் ஒரு வாதுமை மரம். பர்மாக்காரர்கள் பண்டா என்பார்கள், நாங்களும் அப்படியே. தட்டு அகலம் இலை. மற்ற மரமெல்லாம் பச்சையாய் நிற்கும்போதும், அது மட்டும் நினைத்துக்கொண்டாற்போல் ஓர் இலையைக் குங்குமமாய்ச் சிவக்கவைத்துக் கீழே போடும். அதன் அடியில் அப்பா என்னைத் தோளில் ஏற்றிக் கிளையைத் தொடவைத்தார். எங்கள் சபைக்கென்றே படைத்த மரம் என்று இப்போது தோன்றியது.

வியாழக்கிழமை காலை அம்மா மண்டிக்குப் போனதும் கிளம்பினேன். பசுந்தாங் ஸ்டேஷனில் ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயில். டிக்கெட் என்ற பேச்சே இல்லை. காய்கறிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டால் கூடைக்காரியின் பிள்ளை என்று விட்டுவிடுவார்கள். இன்செய்னில் இறங்கி, லைன் கார் என்று நாங்கள் சொல்லும் பிக்கப் வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டேன். பின் படியில் நின்ற பையன் காசு கேட்டான். "எங்கப்பா மாவ்பியில குடுப்பாரு" என்று பர்மிய மொழியில் அடித்துவிட்டேன். ஒரு நிமிஷம் அது உண்மை போலவே இருந்தது.

ஊர் முடிந்ததும் வானம் பெரிதாகியது. அதுவரை நான் வானத்தை மாடிகளுக்கு நடுவில் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தேன். இரண்டு பக்கமும் வயல், நெல் பொதி கட்டிக் கனத்து நின்றது. மழையில் கழுவி விட்ட மேகங்கள் உயரத்தில் சும்மா கிடந்தன. கொக்குகள் வண்டியைக் கண்டு பறப்பதும், கொஞ்சம் தள்ளி உட்காருவதும், நாங்கள் அங்கேயும் வந்ததும் மறுபடி பறப்பதுமாக எங்களோடு பந்தயம் வைத்தன. தும்பிகள் முகத்தில் மோதின. காற்றில் குளிர் இல்லை, ஆனால் வெயிலில் சூடும் இல்லை. தலைவர் வாசிக்கிற பொன்னும் குளிரும் எதுவும் இங்கே இல்லை. இங்கே இருந்தது வேறு. மழை போய்விட்டது, இனி வெளியே வரலாம் என்று யாரோ எல்லா உயிர்களுக்கும் சொல்லிவிட்டாற்போல இருந்தது. நான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டுப் பாடினேன். பின்னாளில் எத்தனையோ லாரியிலும் படகிலும் எங்கெங்கோ போயிருக்கிறேன், வேலைக்காகவும், வேலையை விட்டு ஓடியும். ஒவ்வொரு முறையும் வண்டி நகர்ந்ததும் எனக்குள் எழும் அந்தத் துள்ளல், மாவ்பி வண்டியில் எழுந்ததுதான்.

காசு கேட்ட பையன் என் பாட்டைக் கேட்டுவிட்டு, "எறங்கு, போதும்" என்றான். ஆனால் மாவ்பி வந்த பிறகுதான் சொன்னான்.

மரம் அப்படியே நின்றது. கீழே கிடந்த இலைகள் மழையில் ஊறிக் கறுத்து, சேற்றோடு சேறாகியிருந்தன. ஒன்றைத் தூக்கினால் நரம்பு மட்டும் கையோடு வந்தது. மேலே பார்த்தேன். ஒரே ஒரு சிவப்பு இலை, எட்டாத உயரத்தில். கல் எடுத்தேன். எடுத்த கல்லைக் கீழே போட்டேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விதியை மீறக்கூடாது என்று தோன்றியது. எனவே மரத்தடியில் உட்கார்ந்து, வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆலைக் காவல்காரர், வயதான பர்மாக்காரர், வாயில் சுருட்டோடு வந்தார்.

"என்ன செய்றே, பொண்ணு?"

"எலை விழணும். காத்திருக்கேன்."

அவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். அதில் தவறு ஒன்றும் இல்லை என்று பட்டதுபோல, தானும் பக்கத்தில் குந்திக்கொண்டு மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "யார் வீட்டுப் பொண்ணு?" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன்.

"அடடே, மூட்டை தூக்கும்போதுகூடச் சிரிச்சிட்டே இருப்பானே, அவன் பொண்ணா?" என்றார். அப்பா சிரிப்பார் என்பது எனக்குப் புதிய செய்தி. அதையும் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

அவர் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தார். சோறும் ஙாப்பி மீன் துவையலும். நான் கவளத்தை வாயில் வைத்தபோதுதான் அது நடந்தது. காற்றே இல்லை. இலை தானாகக் காம்பை விட்டது. நேராக விழவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறு பக்கம் சாய்ந்து, படகுபோல ஆடி ஆடி வந்து என் காலடியில் உட்கார்ந்தது.

"விழுந்துடுச்சு!" என்று கத்தினேன். "விழுந்துடுச்சு!" என்று அவரும் கத்தினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது, பாவம். ஆனாலும் கை தட்டினார். இலையை எடுத்துத் திருப்பி, காம்பின் நுனியைக் காட்டினார். "பாத்தியா? தழும்பு மாதிரி மூடியிருக்கு. தானா விழுந்தது. பறிச்சிருந்தா இங்க பிஞ்சிருக்கும், ஈரம் கசியும்." எனக்குப் பெருமையாக இருந்தது. சபையிலேயே அசலான இலை என்னுடையதுதான்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். தடிஞ்சு விளக்குத் திருநாள் அடுத்த வாரம் என்பதால் பர்மாக்காரர்கள் வாசலெல்லாம் மெழுகுவர்த்தி வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அம்மா கால்வாய்க்கரை முழுக்க என்னைத் தேடியிருக்கிறார். எங்கே போனாய் என்று கேட்டபடியே அடித்தார். "எலை தேடப் போனேன்" என்பதற்குமேல் நான் சொல்லவில்லை. முன்னாலேயே சொல்லிவிட்டால், அப்பா வந்து பேசும்போது அம்மாவின் முகத்தில் வரப்போகும் ஆச்சரியத்தைப் பார்க்க முடியாது அல்லவா? அதற்காக எத்தனை அடியும் தாங்கலாம். இலை ஈரத்துணிக்குள் பாய்க்கு அடியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நிற்க இடமில்லை. தட்டில் இலைகள் குவியலாய்க் கிடந்தன. பாதி பச்சை, பாதி கல்லடி பட்டது, சில மஞ்சள் பூசியது. அம்மா தன் பங்குக்கு எங்கிருந்தோ ஒரு பழுத்த வேப்பிலை கொண்டுவந்து வைத்தார். அம்மா திரும்பியதும் நான் என் இலையை எல்லாவற்றுக்கும் அடியில் செருகினேன். அது தட்டைவிட நீளமாக இருந்ததால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. அம்மாவும் நானும் முன் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

தலைவர் மரங்களின் ஆடையைக் களைந்து முடித்தார். ஆர்மோனியம் இழுத்தது. அக்கா கண்ணை மூடினார். ஒருத்திக்கு அண்ணன் வந்தான். இன்னொருத்திக்கு மாமியார் வந்து, வழக்கம்போல் உப்பு போதவில்லை என்றாள். அம்மாவின் வேப்பிலை வந்தது. அக்கா உருட்டினார். "இதுக்கு யாரும் இல்ல."

அம்மா மெல்ல மூச்சு விட்டார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். அப்போது அக்காவின் கை என் இலைமேல் விழுந்தது.

அதை எடுத்ததும் சபை 'ஆ' என்றது. அந்தப் பச்சைக் குவியலிலிருந்து அப்படி ஒரு சிவப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. அக்கா இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். அவருடைய தோள் சிலிர்த்தது.

"தண்ணி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நெறயத் தண்ணி. உப்புத் தண்ணி. குளுருது..."

நான் துள்ளி எழுந்தேன். உப்புத் தண்ணீர் என்றால் கடல். கடல் என்றால் கவ்தாங். வந்துவிட்டார்!

"எங்கப்பா! எங்கப்பா!" என்று குதித்தேன். "அது எங்கப்பா எலை! மாவ்பிக்குப் போயி நாந்தான் கொண்டாந்தேன்! அப்பா, நாந்தாம்ப்பா! அம்மா இங்கதான் இருக்காங்க, பேசுப்பா!"

ஆச்சரியத்தைப் பார்க்க அம்மாவின் பக்கம் திரும்பினேன். அம்மா எழுந்து நின்றிருந்தார். கை முன்னால் நீண்டிருந்தது, எதையோ வேண்டாம் என்று தள்ளுவதுபோல. தந்தி ஆபீஸ் முகம்கூட இதற்கு எவ்வளவோ தேவலை. பட்டறைக்கு மேலே அந்த அறையில் அத்தனை பேர் இருந்தும், அரசமரத்து இலை ஜன்னலில் உரசுவது கேட்டது.

அக்கா கண்ணைத் திறந்தார். ஆவி இறங்கும்போது மீடியம் கண் திறக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் திறந்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இலையைத் திருப்பிக் காம்பின் நுனியை விளக்கருகே பிடித்து உற்றுப் பார்த்தார். நான் இருந்த இடத்திலிருந்தே அந்தத் தழும்பு தெரிந்தது. முன் வரிசையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

"அடி இவளே!" என்று சத்தமாகச் சிரித்தார், தோசைக் கடைச் சிரிப்பு. "இது பறிச்ச எலைடி! மரத்துல ஏறிப் பிச்சிட்டு வந்திருக்கா குரங்கு. காம்பு பச்சையா இருக்கு பாருங்க, தலைவரே."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தட்டே தெரியாது. இலையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஆமாம், பச்சைக் காம்பு" என்றார்.

"உசுரோட இருக்கற எலைக்கு ஆவி எப்படி வரும்? இந்த எலைக்குச் சொந்தக்காரரு அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கந்தான் எங்கயோ இருக்காரு." அக்கா அம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னார். "உக்காருடி."

"அப்ப அந்தத் தண்ணி?" என்று அம்மா கேட்டார்.

"எலைய ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்திருக்கா. கையெல்லாம் நனஞ்சிருச்சு, குளுராம என்ன பண்ணும்?"

அம்மா உட்காரவில்லை, விழுந்தார். பெஞ்சில் விழுந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்கக் குனிந்தேன். இரண்டும் இருந்தது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பறித்தேனா? நானா? கல்லைக்கூடக் கீழே போட்டவள் நான். என் கண் முன்னால், ஒரு பர்மாக்காரர் சாட்சியாக, ஆடி ஆடி விழுந்த இலை! அப்பா பேசத் தொடங்கிய நேரத்தில் பொய் சொல்லி வாயை அடைத்துவிட்டாரே இந்தத் தோசைக்காரி என்று வந்தது. பெஞ்சின்மேல் ஏறி நின்றேன்.

"பொய்யி! நான் பறிக்கல! அது தானா..."

தலைவர் ஆர்மோனியத்தின் மேல் விழாத குறையாகச் சாய்ந்து, வழிபாட்டின் கடைசியில் பாட வேண்டிய பாட்டைத் தொடங்கினார். தட்டில் இன்னும் பாதி இலை அப்படியே கிடந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்கா அந்தப் பாட்டை எடுத்தார். பின் பெஞ்சுகள் எடுத்தன. மாமியார் வந்தவளும், பட்டு லுங்கிக்காரியும், மஞ்சள் இலைக்காரியும் எழுந்து நின்று கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்கள். மாமா கீழே பட்டறையிலிருந்து என்ன ஆயிற்று என்று ஓடிவந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, வார்த்தை தெரியாமலே அவரும் தொண்டையைத் திறந்தார். தெருவில் போன பர்மாக்காரர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு வழியாக இந்தச் சபைக்கும் நத் இறங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நான் கத்தினேன். "தானா விழுந்துச்சு! தானாத்தான் விழுந்துச்சு!" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிற்பாடு பெரியவளாகி நானே கவ்தாங் வரை போனேன். ஐஸ் கட்டி உடைக்கும் வேலை பார்த்துக்கொண்டு, படகுக்காரர்களிடம் அப்பாவின் பெயரைக் கேட்டேன். தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை, செத்துவிட்டார் என்றும் சொல்லவில்லை. இதைத் தெரிவித்தபோது அம்மா தலையாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். சபை நடந்த வரை அவர் ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. கடைசி வரை அவருக்கு அங்கே ஒருவரும் வரவில்லை.

அன்றைக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டு ஓய்வதாக இல்லை. முடிந்ததும் முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். நான் வாய் திறக்கும்போதெல்லாம் அது இன்னும் ஒரு படி ஏறியது. அம்மாவின் வெங்காய விரல்கள் என் கணுக்காலைப் பிடித்திருந்தன. அந்த அறையில் அப்படி ஒரு பாட்டு அதுவரை எழுந்ததில்லை. அரசமரம்கூட உள்ளே வந்து ஆடியது. கோபம் எந்த இடத்தில் என்னை விட்டுப் போனது என்று தெரியவில்லை. என் சிவப்பு இலையைக் கண்டுதான் எல்லோருக்கும் இவ்வளவு உற்சாகம் என்று எண்ணிக்கொண்டு, பெஞ்சின்மேல் நின்றபடி அவர்கள் எல்லோரையும்விட உரக்க நானும் பாடினேன்.